சிட்டுவின் வலது பின்னங்கால்

7-10-1956, ஞாயிறு

கோமதிநாயகத்தின் மூக்கை இன்று உடைத்தேன். யோசித்துச் செய்ததல்ல. வழக்கம்போல கை முந்திக்கொண்டது.

மேற்கே தரிசுக் காட்டில் முயல் வேட்டை. எட்டு ஆள், ஆறு நாய். என் நாய் சிட்டு மட்டும் இரண்டு பிடித்தாள். முதல் முயலைக் கவ்வி ஒரே உதறு. கழுத்து முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவதை அவள் வாயிலிருந்து கோமதிநாயகத்தின் நாய் பிடுங்கப் போய், முயல் இரண்டாகக் கிழிந்தது. முதலில் கவ்விய நாய்க்குத்தான் முயல் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொன்னேன். அதற்கு அவன், "பொண்டாட்டி வீட்டுச் சீர்நாய வச்சி வேட்டைக்கு வாரவனுக்குப் பேச்சப் பாரு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், குத்திவிட்டேன்.

வீட்டில் ஆறுமுகத்தாய் முயலை வாங்கிக்கொண்டு என் கையைப் பார்த்தாள். "யார் ரத்தம்?" என்றாள். முயல் ரத்தம் என்றேன். "முயல் உங்க மோதிரத்தையும் வளைச்சிட்டுப் போயிருக்கே" என்றாள். கட்டி நாலு வருஷம் ஆகிறது. இன்னும் அவளிடம் ஒரு பொய்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

10-10-1956, புதன்

மழை இல்லை. விதைப்பு நிற்கிறது. இடது காளை ஏரில் படுத்துக்கொண்டது. அடித்தேன், எழுந்தது.

14-10-1956, ஞாயிறு

எழுதவா, வேண்டாமா? எழுதிவிடுகிறேன். இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

இளையரசனேந்தலிலிருந்து மைத்துனர் சண்முகையா வந்திருந்தார். அவரும் வேட்டைக்கு வந்தார். எங்கள் கல்யாணத்துக்கு முன், சிட்டு குட்டியாக இருந்தபோது ஒரு வருஷம் அவர்தான் அவளைப் பழக்கினார். காலையில் ஒரு பெரிய முயல் கிளம்பியது. மற்ற நாய்களையெல்லாம் பின்னே விட்டு, சிட்டு மட்டும் ஒரு ஓடையைத் தாண்டிப் பிடித்தாள். கூட்டமே கத்தியது. நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் என்னைத் தாண்டிப் போய் முயலைச் சண்முகையாவின் காலடியில் வைத்தாள்.

"நாய்க்குத் தெரியுதுவே, யாரு சொந்தக்காரன்னு." கோமதிநாயகம்தான். மூக்கில் பிளாஸ்திரியோடு சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். சண்முகையாவும் சிரித்தார், அவர் சாதாரணமாகத்தான் சிரித்தார். என்னாலும் சிரித்திருக்க முடியும்.

மைத்துனரைப் பஸ் ஏற்றிவிட்டு, நானும் சிட்டுவும் மட்டும் வண்டிப்பாதையில் திரும்பினோம். அவள் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போனாள். வேல்கம்பைத் திருப்பிப் பிடித்தேன். அடி வலது பின்னங்கால் முழங்காலில் பக்கவாட்டில் விழுந்தது. பச்சைக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு என் காலடியிலேயே வந்து படுத்தாள். அப்போதும் இன்னொரு முறை ஓங்கினேன். ஓங்கினேன், அடிக்கவில்லை. இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

ஆறுமுகத்தாயிடம், ஓடைப் பள்ளத்தில் விழுந்துவிட்டாள் என்றேன்.

15-10-1956, திங்கள்

சிட்டு காலைத் தரையில் ஊன்றவே இல்லை. முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஆறுமுகத்தாய் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். பூசும்போது முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கம்பின் தடம் குறுக்கே கிடக்கிறது. பார்த்துவிட்டு இன்னொரு பிடி மண் குழைத்தாள்.

எனக்குப் பயம். ஆறுமுகத்தாய் வீட்டு வழக்கம் அப்படி. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது கன்னி ஜாதி வேட்டை நாய்க்குட்டி ஒன்றை மஞ்சள் கயிற்றில் கட்டி அவளோடு அனுப்புவார்கள். அதை விற்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, அதன்மேல் கை வைக்கக் கூடாது. இதில் ஒன்றை மீறினாலும் பெண்ணின் அண்ணன் வந்து நாயை அவிழ்த்துக்கொண்டு போவான். பெண்ணும் கூடவே போய்விடுவாள். ஆறுமுகத்தாயின் சொந்த அத்தை அப்படித் திரும்பி வந்தவள்தான். பந்தலில் சண்முகையாவின் கையில் அடித்து நானும் சத்தியம் செய்தேன். அன்று அது ஏதோ விளையாட்டு மாதிரி இருந்தது.

தைப்பொங்கலுக்குத் தங்கைக்குப் பொங்கல்படி கொண்டு அவர் வருவார். அதற்குள் சிட்டு நடக்க வேண்டும்.

18-10-1956, வியாழன்

சூடு போட்டேன். காளைக்குக் கால் பிசகினால் எங்கள் பக்கம் அதைத்தான் செய்வோம். அரிவாள் முனையைச் சிவக்கக் காய்ச்சி முழங்காலில் மூன்று கோடு. என் முட்டியால் அவள் கழுத்தை அமுக்கிக்கொண்டேன். முடி கருகிய நாற்றம். இரண்டாவது கோட்டில் திமிறி என் இடது கையைக் கவ்விவிட்டாள். மூன்றாவதையும் போட்டேன். ஆறுமுகத்தாய் ஓடிவந்து தண்ணீர்க் குடத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்தாள்.

"மனுசன்தானா நீங்க" என்றாள்.

27-10-1956, சனி

சூட்டுப் புண் சீழ் பிடித்துவிட்டது. வண்டி கட்டி டவுனுக்கு, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். புது டாக்டர் அம்பலவாணன், மெட்ராசில் படித்தவர். கம்பவுண்டர் ரசூல் சிட்டுவின் வாயைத் துணிப்பட்டையால் கட்டினார். டாக்டர் சூட்டைப் பார்த்ததும் முதலில் என்னைத்தான் திட்டினார். "மாடு, நாய் வாய் பேசாதுன்னுதான இந்தக் கூத்தெல்லாம் நடத்துதீங்க!"

பிறகு ஒரு கையால் தொடை எலும்பையும் மறு கையால் கீழெலும்பையும் பிடித்து முன்னால் இழுத்தார். கீழெலும்பு மேசை இழுப்பறை போல நழுவி வந்தது. முழங்காலுக்குள் இரண்டு எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கிற ஜவ்வு அறுந்துபோய்விட்டதாம். "தானா ஒட்டாது. இப்படியே விட்டா ஆயுசுக்கும் நொண்டிதான்."

பள்ளத்தில் விழுந்தாள் என்றேன்.

"விழுந்தாலும் அறும், அடிச்சாலும் அறும்" என்றார்.

சீமையில் இதற்கு ஒரு ஆப்பரேஷன் கண்டுபிடித்திருக்கிறார்களாம். பத்திரிகையில் படித்திருக்கிறார், செய்ததில்லை. "செய்யலாம். ஆனா நீங்க போட்ட சூடு ஆறினாத்தான் நான் கத்தி வைக்க முடியும். மூணு வாரம் போச்சு உங்களால." மூன்று வாரத்தைச் சொல்லும்போது மூன்று விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த விரல்களைப் பிடித்து ஒடிக்கலாம்போல வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

9-11-1956, வெள்ளி

தினமும் புண் கழுவப் போகிறேன். பஞ்சாயத்தில் சுட்டுப்போட்ட தெருநாய்களில் இரண்டை டாக்டர் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் முழங்காலை அறுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். இன்று பார்த்தேன். செத்த நாய், அதன் நெற்றியில் ஓட்டை, காலில் அவ்வளவு அழகான தையல்.

21-11-1956, புதன்

ஆப்பரேஷன் நடந்தது.

ரசூல் குளோரோபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு மூச்சைப் பார்க்க வேண்டும். அதனால் காலைப் பிடிப்பதற்கு ஆள் நான்தான். கையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். சிட்டு மயங்குவதற்குமுன் என்னைப் பார்த்தாள். பிறகு நாக்கு வெளியே தொங்கியது.

தோலைக் கீறினார். தொடைத் தசைக்கு மேல் வேட்டிக்கரை போல் வெள்ளையாக ஒரு உறை இருக்கிறது. அதிலிருந்து ஒரு விரல் அகலத்தில் நீளமாக ஒரு நாடா எடுத்தார். கீழ்நுனியை முழங்கால் பக்கம் அறுக்காமல் விட்டார். மூட்டைத் திறந்ததும் பழைய ரத்தம் கறுப்பாக வழிந்தது. உள்ளே அறுந்த ஜவ்வு, பிய்ந்த கயிற்று நுனி மாதிரி, இரண்டு துண்டாகக் கிடந்தது. "பாருங்க" என்றார். பார்த்தேன். என் அடியின் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

பிறகு துரப்பணம். தச்சாசாரியிடம் வாங்கி, அரைநாள் கொதிக்கவைத்தது. தொடை எலும்பில் ஒரு துளை, கீழெலும்பில் ஒரு துளை. மரம் துளைக்கிற அதே சத்தம். எலும்புத் தூள் ரத்தத்தோடு என் விரலில் பிசுபிசுத்தது. நாடாவை ஒரு துளை வழியே விட்டு, மூட்டுக்குள் எடுத்து, அடுத்த துளை வழியே இழுத்து, தன் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு டாக்டர் இழுத்துப் பிடித்துத் தைத்தார். நடுவில் சிட்டு மூச்சை நிறுத்திவிட்டாள். ரசூல் அவள் விலாவைக் குத்து குத்தென்று குத்தினார். நான் காலை விடவில்லை, என்னென்னவோ உளறினேன். சாமியைக் கூப்பிட்டேனா, திட்டினேனா, எனக்கே தெரியாது. மூச்சு வந்தது.

எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். ரசூல் தண்ணீர் கொடுத்தார். "முயல் ரத்தம் பாத்த ஆளுதான அண்ணாச்சி?" என்றார். அது வேற ரத்தம், ரசூல்.

25-11-1956, ஞாயிறு

பேப்பரில் அரியலூர் ரயில் விபத்து. வாசிக்க முடியாமல் மடித்துவைத்தேன். சிட்டு பால் பாதி குடித்தாள்.

5-12-1956, புதன்

மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். தொடை சூம்பிக் குச்சியாகிவிட்டது. தினமும் இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம், காலை மடக்கி நீட்டுவது, கயிற்றில் பிடித்துப் பத்து நிமிஷம் நடை. ஓடக் கூடாது, தாவக் கூடாது, ஆறு மாதத்துக்கு. "ஒரு துள்ளல் போதும், நான் தச்சதெல்லாம் பிஞ்சிரும்" என்றார் டாக்டர்.

பதினைந்து நாளாக மூத்திரம் போகவும் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். கழுத்தை என் தோளில் போட்டுக்கொள்கிறாள். இவளுக்கு நேற்று நடந்தது மறந்துவிடுமோ? ஆறுமுகத்தாய்க்கு மறக்காது. சோறு வைக்கிறாள், பேச்சு இல்லை.

12-12-1956, புதன்

சோளக்காட்டில் மாடு புகுந்துவிட்டது என்று சத்தம் கேட்டுத் தார்க்கம்பை எடுத்தேன். கம்பைப் பார்த்ததும் சிட்டு படுத்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். இத்தனை தூக்கினேன், இத்தனை கழுவினேன், இன்னும் என்னைக் கண்டு பயமா உனக்கு, ஏட்டி, பயமா என்று கத்தினேன்.

ஆறுமுகத்தாய் சொன்னாள்: "அவளுக்குப் போனது காலுதான். ஞாபகம் போகலியே."

அறைந்தேன். அவள் அடுப்புக் கட்டியில் போய் விழுந்தாள். உதடு கிழிந்தது. சிட்டு கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு மூன்று காலில் எழும்பித் துள்ளி என் முழங்கைக்குக் கீழே கவ்விக்கொண்டாள். உதறவில்லை நான். உதறினால் அவள் கால் என்ன ஆகும்? அப்படியே நின்றேன். ஆறுமுகத்தாய்தான் அவள் வாயை விடுவித்தாள்.

ஓடினோம் ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் பிடித்து இழுத்துப் பார்த்தார். தையல் தாங்கியிருக்கிறது. "எதுக்குத் துள்ளுச்சு?" என்றார். பூனையைப் பார்த்து என்றேன். ரசூல் என் கையில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே, "பூனைக்குப் பல்லு பெருசுதான்" என்றார்.

13-12-1956, வியாழன்

ஆறுமுகத்தாயை இதற்குமுன்னும் அடித்திருக்கிறேன். எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடிந்தது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

6-1-1957, ஞாயிறு

சிட்டு நாலு காலையும் ஊன்றி நடக்கிறாள். கூர்ந்து பார்த்தால்தான் தாங்கல் தெரியும். முடி வளர்ந்து சூட்டையும் தையலையும் பாதி மூடிவிட்டது. சண்முகையா கூர்ந்து பார்க்கிற ஆள் இல்லை. தப்பித்துவிடுவேன் என்று தோன்றுகிறது.

14-1-1957, திங்கள்

சண்முகையா பொங்கல்படியோடு வந்துவிட்டார். அரிசி, வெல்லம், கரும்பு, தங்கைக்குச் சேலை. சிட்டுவுக்கு ஒரு தோல்பட்டை. கழுத்தில் கட்டி அழகு பார்த்தார். "கொஞ்சம் மெலிஞ்சிருக்காளே மாப்ள?" என்றார். மழைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை என்றேன். ஆறுமுகத்தாய் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளை மறுநாள் பாரிவேட்டை. ஊர் முழுக்கப் போகும். "சிட்டுதான் முதல் முயல் எடுக்கணும்" என்கிறார்.

15-1-1957, செவ்வாய்

போக முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். போனால் கால் அறும். இன்று முழுக்க ஒரு எண்ணம் என்னை விடவில்லை: அறட்டுமே. வேட்டையில் அறுந்தது என்று ஆகிவிடுமே. ஊரே சாட்சி. பழையது புதியதற்குள் மறைந்துபோகும். எவன் கண்டுபிடிப்பான்?

நல்ல யோசனை. என்னைப்போல ஒருத்தனுக்குத்தான் இது தோன்றும்.

16-1-1957, புதன்

இடது கையால் எழுதுகிறேன். வலது தோளெலும்பு விரிசல் விட்டிருக்கிறதாம்.

கூட்டிப் போனேன். ஆமாம், கூட்டித்தான் போனேன். நாற்பது ஆள், கொட்டு, சத்தம். சிட்டு கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்கினாள். பயத்தில் இல்லை, ஆசையில். புதரிலிருந்து முயல் கிளம்பியது. "விடும் வே! விடும் வே!" என்று நாலாபக்கமும் கத்தல். சண்முகையா, "அவுத்து விடுங்க மாப்ள!" என்கிறார். விரல் முடிச்சில் இருந்தது. அவள் பின்னங்காலை உந்தினாள். அந்த முழங்கால் மடங்கி நிமிர்ந்ததைப் பார்த்தேன். துளை எங்கே, நாடா எங்கே என்று தோலுக்கு வெளியிலிருந்தே எனக்குத் தெரியும்.

கயிற்றைக் கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு விழுந்தேன். கொஞ்ச தூரம் முள்ளில் இழுத்துக்கொண்டு போனாள். அவளைக் கட்டிப்பிடித்து அமுக்கிக்கொண்டேன். முயல் போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓடக் கூடாது மச்சான். கால் அறுந்து தச்சிருக்கு. நாந்தான் அடிச்சேன். வேல்கம்பால."

சண்முகையா கையில் வேல்கம்பு இருந்தது. முதல் அடி தோளில், இரண்டாவது விலாவில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. நல்ல புத்தியால் இல்லை, கை கயிற்றில் இருந்தது. விட்டால் சிட்டு அவர்மேல் பாய்வாளா, என்மேல் பாய்வாளா, எதுவானாலும் கால் போய்விடும். நடுவில் புகுந்து அவரைப் பிடித்து இழுத்தவன் கோமதிநாயகம். "போதும் வே, செத்துருவான்" என்றான். மூக்கு கோணலாகத்தான் இருக்கிறது அவனுக்கு.

வீட்டு வாசலில் சண்முகையா கயிற்றை என் கையிலிருந்து பிரித்தார். ரத்தத்தில் ஒட்டியிருந்தது. ஆறுமுகத்தாய் பெட்டியோடு வெளியே வந்தாள்.

"மூணு மாசமா அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதிப்போட எவ்வளவு நேரமாயிருக்கும் எனக்கு? நீங்களா சொல்லுதீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க. அதுக்காக நான் இருந்துர முடியாது" என்றாள். உதட்டில் அந்தத் தழும்பு.

வண்டி போய்விட்டது.

30-1-1957, புதன்

சண்முகையா ஆள் அனுப்பியிருக்கிறார். சிட்டு முழங்காலைத் தொட யாரையும் விடவில்லையாம், அவரையே கடித்துவிட்டாளாம். டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார். இனி நீந்தவிட வேண்டும், காலைப் பிடித்துவிட வேண்டும், பழகிய ஆள் நான் ஒருவன்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சண்முகையா சொல்லி அனுப்பியது: "ஞாயிறும் புதனும் வரட்டும். கிணறு வரைக்கும். வீட்டுக்குள்ள வர வேண்டாம்."

10-2-1957, ஞாயிறு

டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல். போகுமுன் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எலும்பு நழுவக் கூடாது. இரண்டு தொடையையும் நூலால் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். கிணற்றுப் படியில் நொண்டாமல் ஏறி இறங்க வேண்டும். "இந்த மூணும் சரியா இருந்தா அன்னைக்கு அவுத்துவிட்டிரலாம். அதுக்கப்புறம் வைத்தியம் தேவையில்ல. பாத்துச் சொல்ல வேண்டியது நீங்கதான்."

பஸ்ஸில் போய் இளையரசனேந்தல் விலக்கில் இறங்கி நடந்தேன். கிணற்றில் இறங்கி, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கி அவளை நீந்தவிட்டேன். சண்முகையா மேலே கம்போடு உட்கார்ந்திருந்தார், காவல்.

ஆறுமுகத்தாய் துணி காயப்போட்டாள். தூரத்தில்.

24-3-1957, ஞாயிறு

நூல் இன்னும் அரை விரல் வித்தியாசம் காட்டுகிறது. சந்தோஷமாக இருந்தது. இது என்ன சந்தோஷம்?

வரும்போது பஸ்ஸில் ஒருவன் என் கால்மேல் ஏறி நின்றான். கழுத்தைப் பிடித்துவிட்டேன். பிறகு விட்டேன்.

28-4-1957, ஞாயிறு

கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது. படி கூடுதல், அவளுக்கு நல்ல பயிற்சி. ஆறுமுகத்தாய் இன்று கிணற்று மேட்டுக்கு வந்தாள். "சாப்புடுதாளா இவ, பாத்தீங்களா, சதை போட்டிருக்கா" என்றாள். என்னிடமா, அண்ணனிடமா என்று தெரியவில்லை. ஆமாம் என்று நானே சொன்னேன். மூன்று மாதத்துக்கு மேலாக அவள் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்கவில்லை.

19-5-1957, ஞாயிறு

நூலால் அளந்தேன். இரண்டு தொடையும் ஒன்று. எலும்பைப் பிடித்து இழுத்தேன். நழுவவில்லை. படியில் ஏறி இறங்கினாள், துளி தாங்கல் இல்லை.

மறுபடி அளந்தேன். ஒன்றுதான்.

சண்முகையாவுக்கு இதெல்லாம் தெரியாது. இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று நான் சொன்னால் இரண்டு மாதம். ஆடி, ஆவணி என்று இழுக்கலாம். ஆறுமுகத்தாய் மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் என் இரண்டு கைக்குள் இருந்தது. எங்கே அழுத்தினால் ஒரு வாரம் நொண்டுவாள் என்பதும் எனக்குத் தெரியும். கட்டை விரல் அந்த இடத்துக்குப் போய்விட்டது. போனது உண்மை. சிட்டு என் காதை நக்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கையை எடுத்துவிட்டேன். "தேறிட்டு மச்சான். அவுத்து விடுங்க. இனி வைத்தியம் ஒண்ணும் கிடையாது" என்றேன்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். கரிசலில் புழுதி பறக்க அவள் ஓடியது ஓட்டமா அது! எல்லை வரை போய் வளைந்து திரும்பினாள். ஆறுமுகத்தாய் கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்ப இனி நீங்க வர வேண்டியதில்ல மாப்ள" என்றார் சண்முகையா. கோபமாகச் சொல்லவில்லை.

22-5-1957, புதன்

விடியக் குளித்து, வேட்டி மாற்றி, துண்டை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் நினைவு வந்தது.